மீட்டர் பெட்டியிலிருந்து வந்த கூட்டம்

இந்த வருட (2021) மழையைத் தாண்டி எங்கள் தேனீப் பெட்டி உயிரோடு நிற்கிறது. போன வருடம் இதே மழையில்தான் முதல் கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போனது. நடுவில் மூன்றரை கிலோ தேனும் எடுத்தோம். தேன் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிப்ரவரியில் ரப்பர் தளிர் விட்டால் நோஞ்சான் கூட்டம்கூட ஏதோ கொஞ்சம் சேர்த்துவிடும். ஆனி, ஆடியில் கூட்டத்தைப் பட்டினி போடாமல் நிறுத்தி வைப்பதில்தான் வேலை இருக்கிறது. இந்த முறை அது நடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் எனக்கு வேலை. மனைவி இறந்தபிறகு மகளைப் பார்த்துக்கொண்டது அவளுடைய பாட்டி. வாரம் முழுக்க எங்களோடு இருந்துவிட்டு சனிக்கிழமை பஸ் ஏறி பாறசாலைக்குப் போவார், திங்கள் காலை வந்துவிடுவார். மார்ச் 2020இல் ஜனதா ஊரடங்குக்கு முந்தின நாள் அப்படித்தான் போனார். எல்லையில், களியக்காவிளையில் தடுப்பு போட்டார்கள். அவர் கேரளத்தில், நாங்கள் தமிழ்நாட்டில். கூப்பிடு தூரம்தான், ஆனால் இ-பாஸ் வேண்டும். அறுபது கடந்தவரை அந்த நேரத்தில் அலைக்கழிக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆக வீட்டில் நானும் ஏழு வயதுப் பிள்ளையும், ஒரே ஒரு கைபேசியும்.

பாடம் வாட்ஸ்அப்பில் வரும். டீச்சரின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அரை இஞ்ச் எல்போ இருக்கிறதா என்று கேட்டு அழைப்பார்கள், பாடம் நின்றுபோகும். ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். கடை திறந்தபோது முதலாளி அரை நாள் வரச் சொன்னார், பாதிச் சம்பளம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவேன். ஆணி, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் அளவு வாரியாகப் பிரித்து வைப்பாள். அந்தக் கடையில் ஸ்டாக் அவ்வளவு ஒழுங்காக எப்போதும் இருந்ததில்லை. மீதி அரை நாளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அப்போதுதான் விறகுப்புரையில் கிடந்த அப்பாவின் பெட்டி கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்தில் பழைய வீடு என்றால் தேனீப் பெட்டி ஒன்றாவது கிடக்கும். 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தைத் தொடங்கித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலத்திலிருந்து வரும் பழக்கம். அப்பா நிறையப் பெட்டி வைத்திருந்தார். 1991, 92இல் தென்னாடு முழுக்க வந்த சாக்புரூடு நோயில் எல்லாம் போயிற்று. புழுக்கள் அறைக்குள்ளேயே நிமிர்ந்து செத்து, தோல் ஒரு நீர்ப்பையாக மாறிவிடும். ஊசியால் ஒன்றைத் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அவர் பெட்டியைத் தொடவில்லை.

கிடைத்தது நியூட்டன் பெட்டி: கீழே புழு வளரும் அறை, மேலே தேன் சேரும் அறை, இரண்டிலும் அடை கட்ட மரச் சட்டங்கள். அயனி மரம் என்பதால் சுவர்ப் பலகைகள் அப்படியே இருந்தன. அடிப்பலகையை மட்டும் சிதல் (கரையான்) தின்றிருந்தது, ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பாதியும் போயிருந்தது. புழு அறைச் சட்டம் ஏழில் நான்கு உருப்படி. உள்ளளவு 20.6 செ.மீ. நீளம், 14.4 செ.மீ. உயரம். தேன் அறைச் சட்டத்துக்கு நீளம் அதே, உயரம் மட்டும் 6.2. இந்த அளவுகளைப் பிள்ளைதான் ஸ்கேல் வைத்து எடுத்து நோட்டில் எழுதினாள். தசமப் புள்ளி அவள் வகுப்புக்கு இன்னும் வரவில்லை, அதனால் மில்லிமீட்டரில் எழுதினோம்: 206, 144, 62. உண்மையில் இந்த வேலைக்கு மில்லிமீட்டர்தான் சரி.

இங்கேதான் தடம் மாறினேன். கடையில் 18 மில்லி பிளைவுட் வெட்டுத்துண்டு சும்மா கிடந்தது. போன சுவருக்குப் பதில் அதை வைத்து அடித்தேன். பழைய பலகையைவிட இது தடிமன் குறைவு. வெளிப்பக்கம் சமமாக வந்தது, உள்ளே ஓரச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடம் கூடிவிட்டது. தேனீ நடமாட 8 மில்லி அளவுக்கு வழி விட்டால் அதை வழியாகவே வைத்திருக்கும். அதற்கு மேல் விட்டால் அங்கே ஒரு அடையைக் கட்டிவிடும். கட்டியது. ஓரச் சட்டத்தையும் சுவரையும் சேர்த்துக் குறுக்கே ஒட்டி ஓர் அடை. சட்டத்தைத் தூக்கினால் அடை கிழிந்து புழு கொட்டும். தூக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. போதாததற்கு மழையில் பிளைவுட் ஊதி, மேல்மூடி பொருந்தாமல் நின்றது. பிறகு அறுப்பு மில்லில் அயனித் துண்டு 380 ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஒரு கூட்டம் மிஞ்சியிருக்கலாம்.

கூட்டத்தை ஜூன் 2020இல் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவரிடம் வாங்கினேன். நான்கு சட்டம் நிறையத் தேனீ, 1,200 ரூபாய். அவர் நிலைமை என்னைவிட மோசம். தேன் காலத்துக்காகக் கேரளத்து ரப்பர் தோட்டங்களில் கொண்டு வைத்த பெட்டிகளை ஊரடங்கில் போய்ப் பார்க்க முடியாமல் சேதப்பட்டிருந்தார். "இப்ப வாங்காத தம்பி, பஞ்ச காலம், சீனி ஊத்தியே முடிஞ்சிருவ" என்றுதான் சொன்னார். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் வாங்கிவிட்டேன்.

அவர் சொன்னது சரி. மழை பெய்தால் ஈ வெளியே போகாது. போனாலும் பூ இல்லை. தென்னையில் கிடைக்கும் மகரந்தமும் கொஞ்சம் தேனும் கூட்டத்துக்குப் போதாது. ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு வெந்நீர், ஆறவிட்டுச் சிரட்டையில் ஊற்றி உள்ளே வைக்க வேண்டும். வெறும் பாகாக வைத்தால் ஈ விழுந்து செத்துவிடும். அதற்குத் தென்னை ஈர்க்குச்சியை ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்து மேலே மிதக்க விடுவோம், ஈ அதில் நின்று குடிக்கும். ஒடிப்பது பிள்ளை வேலை. சாயங்காலம் இருட்டும்போதுதான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனை பிடித்து வேறு கூட்டம் கொள்ளையடிக்க வரும்.

பெட்டியைத் திறக்கும் நாளில் முதல் வேலை பிள்ளைக்கு இறுக்கமாகப் பின்னல் போடுவது. அவிழ்ந்த முடியில் ஈ மாட்டிக்கொண்டால் கட்டாயம் கொட்டும். பாட்டி போனதிலிருந்து ஒற்றைக் குதிரைவால்தான் எனக்குத் தெரிந்த ஒரே கட்டு. அது இதற்கு உதவாது. பாட்டி வீடியோ அழைப்பில் வந்து, "இடது கையால அமுக்கிப் பிடி, வலது பக்கத்தை மேல கொண்டு வா" என்று சொல்லச் சொல்ல ரெட்டைப் பின்னல் கற்றுக்கொண்டேன். வாசனை எண்ணெய் கூடாது என்பதால் வீட்டுத் தேங்காயெண்ணெய் ஒரு துளி. பின்னலை மடித்துக் கட்டி, அதற்கு மேல் என் பழைய தொப்பி, தொப்பி மேல் கொசுவலைத் துணி. முகவலை கடையில் 150 ரூபாய் சொன்னார்கள், எனக்கு மட்டும் ஒன்று வாங்கினேன். புகைப்பானும் வாங்கவில்லை. காய்ந்த தேங்காய்க் கதம்பையைக் கொளுத்தி அணைத்தால் வரும் புகை போதும். ஊதுவது அவள், சட்டம் தூக்குவது நான். "பைய ஊது மக்களே, மூச்சு முட்டுற மாதிரி வேண்டாம்." ஒரு ஆளால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றில்லை; ஆனால் இரண்டு பேர் இருந்தால் பாதி நேரம்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை பெட்டிக்கு வெளியே நடமாட்டமே இல்லை. திறந்தால் நான்கு அடையும் வலை பின்னிக் கிடக்கின்றன, மெழுகுப் புழு. ஈக்கள் குறைந்துபோனதால் அடையைக் காக்க ஆள் இல்லை, பூச்சி புகுந்துவிட்டது. மிச்சம் இருந்தவை ராணியோடு பறந்துவிட்டன. ஸ்டாண்டின் ஒரு கால் மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றதையும் அன்றுதான் கவனித்தோம். மற்ற மூன்று காலுக்கும் எறும்பு ஏறாமலிருக்கச் சிரட்டையில் தண்ணீர் வைத்திருந்தோம். எறும்புக்கு மதில் போதுமே. பிள்ளை அழவில்லை. "சீனி அவங்களுக்குப் பிடிக்கலையா?" என்றாள். புழு அரித்த அடைகளை உருக்கினோம், ஒரு எலுமிச்சை அளவு மெழுகு தேறியது. பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, அப்போதுதான் பிளைவுட்டைப் பிடுங்கி அயனிப் பலகை அடித்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்குக் காசு கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் மாட்டிக்கொண்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கவாட்டுச் சுவரில் பழைய மீட்டர் பெட்டி, மரத்தால் ஆனது. மீட்டரை முன்பக்கம் மாற்றியபின் காலியாக இருந்தது. டிசம்பரில் அதன் இடுக்கில் ஈ போய்வருவதைப் பிள்ளைதான் முதலில் பார்த்தாள். அந்த அண்ணன் வந்து பார்த்து, நல்ல கூட்டம், இதுதான் பெருகும் காலம், விடாதே என்றார். வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் சம்மதம் வாங்கிக்கொண்டோம்.

காட்டுக் கூட்டத்தைச் சட்டத்துக்கு மாற்றுவதை நேரில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இறங்கு வெயிலில் தொடங்கினோம். மூடியைத் திறந்து மெதுவாகப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அடிவேரோடு கத்தியால் அறுத்தோம். தேன் இருக்கும் மேல்பகுதியைத் தனியே வெட்டிச் சட்டியில் போட வேண்டும். அது கனம், கட்டினாலும் தொய்ந்து விழும். புழு இருக்கும் பகுதியை மட்டும் சட்டத்தின் உள்ளளவுக்குச் செதுக்கி, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி நிறுத்தி, நனைத்த வாழை நாரால் இரண்டு சுற்று கட்டினோம். தலைகீழாகக் கட்டினால் கெட்டது. நாரைச் சீவி எடுத்துக் கொடுத்தது பிள்ளை. அடையைச் சட்டத்தோடு ஒட்டியபின் ஈக்களே நாரைக் கடித்து வாசலில் தள்ளிவிட்டன. துண்டு துண்டாகக் கிடந்த நாரை அவள் பொறுக்கிப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ராணியைக் கண்ணால் பார்க்கவில்லை. கொத்தாக ஈக்களைக் கையால் அள்ளி உள்ளே விட்டதில் வந்துவிட்டது போல. வாசலில் சில ஈக்கள் பின்பக்கத்தை உயர்த்தி இறக்கையை வீசத் தொடங்கியதும் அண்ணன் கத்தியைத் துடைத்துவிட்டார். அப்படி வீசினால் ராணி உள்ளே இருக்கிறது, மற்றவை தானாக வரும்.

அடுத்த சிக்கல் இடம். பெட்டியை எங்கள் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மறுநாள் தேடப்போன ஈயெல்லாம் பழைய சுவருக்கே திரும்பிப் போகும். அதனால் மீட்டர் பெட்டிக்குக் கீழேயே ஸ்டாண்டை நிறுத்தி, ராத்திரிதோறும் இரண்டு மூன்று அடி நகர்த்தினோம். எத்தனை அடி நகர்ந்தது என்று மதிலில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் மழை பெய்து ஒன்றிரண்டு தேதி அழிந்தது, அதற்குக் கோபம் வேறு. பொங்கலுக்கு முன்னால் பெட்டி எங்கள் புளியமர நிழலுக்கு வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் வேகம். கொல்லாமா (முந்திரி) பூத்தது. ரப்பர் இலை உதிர்ந்து ஜனவரி கடைசியில் செம்புத் தளிர் விட்டது. ரப்பரில் தேன் பூவில் இல்லை. இலைக்காம்பின் நுனியில், மூன்று இலையும் சேரும் இடத்தில் இருக்கும் சிறு புடைப்புகளில் சுரக்கும். பிள்ளையைத் தூக்கி ஒரு தளிரைக் காட்டி நக்கச் சொன்னேன். "இனிக்குது, ஆனா கொஞ்சம்தான்." புழு அறை நிறைந்ததும் மேலே தேன் அறையை வைத்தேன். பழைய மெழுகைச் சட்டத்தில் தேய்த்து வைத்தால் அடை கட்ட இறங்கிவிடுகிறது.

இந்த நாட்களில் பிள்ளைக்குக் கண்ணிமையில் ஒரு கொட்டு. கொடுக்கை எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நகத்தால் சுரண்டியோ விரலால் பிடுங்கியோ உடனே எடுத்துவிட வேண்டும். ஐஸ் வைத்தோம். கண் இரண்டு நாள் திறக்கவில்லை. மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் பைக்கின் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன்.

மார்ச் 2021 கடைசியில் தேன் எடுத்தோம். பிழியும் மிஷினை அண்ணனிடம் இரவல் வாங்கினேன். முக்கால்வாசி மூடி போட்ட சட்டங்களை மட்டும் எடுத்தேன். திறந்த அறையில் இருப்பது பச்சைத் தேன், தண்ணீர் அதிகம், புளித்துவிடும். கத்தியை வெந்நீரில் முக்கி மூடியைச் சீவி, மிஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். வேகமாகச் சுற்றினால் அடை உடையும் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வடிகட்டி, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீரில் சூடாக்கினேன். மூன்றரை கிலோ. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்துபோகும், கலப்படம் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஒரு பாட்டில் பாறசாலைக்கு நேரில் கொண்டுபோனோம், அப்போது வழி திறந்திருந்தது.

வரவு செலவு: பலகை 380, ஸ்டாண்டுக்குப் பைப்பும் வெல்டிங்கும் 550, போன கூட்டம் 1,200, முகவலை 150, ஆணி முதலிய சில்லறை 60, சீனி சுமார் 600. தேன் விற்கவில்லை. லாபக் கணக்குப் பார்த்தால் மூன்று பெட்டியாவது வேண்டும்.

மே 2021இல் முழு ஊரடங்கு திரும்ப வந்தது, அந்த வாரமே எனக்குக் காய்ச்சல். பரிசோதனையில் எனக்குத் தொற்று இருந்தது, பிள்ளைக்கு இல்லை. ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவனுக்கு இதைவிடப் பயமான கணக்கு கிடையாது: என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இவளை யாரிடம் விடுவது? நல்லவேளை, ஆக்சிஜன் குறையவில்லை. திண்ணையில் நான் படுத்தேன், உள்ளே அவள். சாப்பாடு அண்ணன் வீட்டிலிருந்து கேட்டில் தொங்கும். தினமும் ஒருவர் வந்து விரலில் கருவி மாட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மழை தொடங்கிவிட்டது, பெட்டிக்குச் சீனி வைக்க வேண்டும். அவளே செய்தாள். பிளாஸ்கில் இருந்த வெந்நீர், கஞ்சி குடிக்கும் டம்ளரில் ஒன்றுக்கு ஒன்று. ஒருநாள் மழை விட்ட மத்தியானத்தில் கொண்டு வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஈக்கள் உருண்டு சண்டை, வேறு கூட்டம் கொள்ளைக்கு வந்துவிட்டது. நான் திண்ணையிலிருந்து கத்தினேன்: "வாசலைக் குறை மக்களே, ஒரு ஈ போற அளவு விடு!" தீப்பெட்டிக் குச்சிகளை வாசலில் வரிசையாகச் சொருகி ஒரு விரல் அகலம் மட்டும் விட்டாள். பிறகு ஈரத்துணியை மேலே போட்டாள். அது நான் சொல்லவில்லை. சாயங்காலம் அடங்கியது. முகவலை என்னிடம்தான் இருந்தது, அவள் தொப்பியோடு போனாள், ஒரு கொட்டும் இல்லை.

பள்ளி நவம்பர் 1ஆம் தேதி திறந்தது. பாட்டியும் வந்துவிட்டார், பெட்டிக்கு அருகில் மட்டும் வருவதில்லை. இனிமேல் பார்வை ஞாயிற்றுக்கிழமைதான். இந்த மாதம் குழித்துறை ஆற்றில் வெள்ளம் வந்த நாட்களிலும் பெட்டிக்குள் ஈரம் ஏறவில்லை, மேல்மூடியில் அடித்த அலுமினியத் தகடு வேலை செய்கிறது.

மாற்ற வேண்டியவை இருக்கின்றன. ஜூனில் கூட்டம் வாங்கவே மாட்டேன், நவம்பருக்கு மேல்தான். ஒற்றைப் பெட்டியும் போதாது, இரண்டு இருந்தால் இளைத்த கூட்டத்துக்குக் கொழுத்ததிலிருந்து ஒரு புழுச்சட்டம் கொடுத்துத் தூக்கிவிடலாம். ஸ்டாண்ட் என் இடுப்பளவுக்கு வைத்தது தவறில்லை, ஆனால் சட்டத்துக்குள் முட்டை இருக்கிறதா என்று பார்க்க அவள் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருக்கிறது. புது ஸ்டாண்டின் காலை ஆறு அங்குலம் குறைத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பெட்டிக்கு அயனிப் பலகை மில்லில் இருக்கிறது, 206, 144, 62 என்று அவள் எழுதிய நோட்டுத் தாளைத்தான் ஆசாரியிடம் கொடுத்தேன். ஜனவரியில் கூட்டத்தைப் பிரிக்க வேண்டும், அதற்குள் பலகை வந்தால் நல்லது.